மனசுல வந்தாலே பாவமா?



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கந்த சஷ்டி விரதம் இருந்து திருச்செந்தூர் போனேன். நாலு மணி நேரம் வரிசையில நின்னு, சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு மூலவர் முன்னாடி போய் நிக்கிறேன். தீபாராதனை. சரியா அந்த நொடியில முருகனைப் பத்தி ஒரு அசிங்கமான வார்த்தை மனசுல ஓடுச்சு. பன்னீர் இலை விபூதியை வாங்குன கை நடுங்கிப் போச்சு.

வீட்டுக்கு வந்து பரிகாரமா கந்த சஷ்டி கவசம் படிச்சேன். நடுவுல அந்த வார்த்தை வந்தா மறுபடி முதல்லேர்ந்து. ஒரு சொல் தடுமாறினாலும் முதல்லேர்ந்து. போகப்போக தினமும் ரெண்டு மணி நேரம் ஆச்சு, வேலைக்குப் போற பஸ் தவறிடும். "ஏய்யா, இன்னுமா முடியல?"ன்னு கேக்குற அம்மாவே, பையனுக்கு பக்தி கூடிருச்சுன்னு பக்கத்து வீட்டுல பெருமையா சொல்லுவாங்க. 11 பேருக்கு அனுப்பலைன்னா கெட்டது நடக்கும்னு வர்ற மெசேஜை எல்லாம் ஒண்ணு விடாம அனுப்பினேன். (தயவுசெஞ்சு அப்படி அனுப்பாதீங்க. அதைப் படிச்சிட்டு யாரோ தூங்காம கிடப்பாங்க.) கீழ போட்டுடுவேனோன்னு அக்கா குழந்தையைத் தூக்கவே பயந்தேன்.

கடைசியில ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனேன். ஓ.சி.டி.ன்னு சொன்னாங்க. மேசையை நேரா வைக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கிறாங்களே, அந்த 'ஓ.சி.டி.' இல்ல. வேண்டாத எண்ணம் வரும், பயம் வரும், பயத்தைத் தணிக்க ஒரு செயல் செய்வோம். கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே மறுபடி செய்யத் தோணும். என் விஷயத்தில் அந்தச் செயல், கவசம்.

எனக்கு நோயின் பெயரைவிட ஒரு கேள்விதான் பெருசா இருந்துச்சு. எண்ணம் என் மனசுலதானே வந்தது? அப்போ அது என்னுடைய பாவம்தானே?

ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே, எந்த நோயும் இல்லாத பெரும்பாலானவர்களுக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை, அவ்வளவுதான். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதேன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, அதே கதை. தடுக்கத் தடுக்க வரும்.

பிராகாரத்தில் நிற்கும்போது பக்கத்துக் கடை ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு கேட்கிறது. காதில் விழுந்ததால் அது நான் பாடிய பாட்டு ஆகிவிடுமா? பாவம் என்றால் அதில் என் சம்மதம் இருக்க வேண்டும். ஒருவரைக் கெடுக்க உட்கார்ந்து திட்டம் போட்டு, அதை ரசித்தால் அது என் கணக்கு. வந்ததுமே உடம்பு பதறுகிற எண்ணம் அப்படிப்பட்டது இல்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கு எது உயிரோ அதன் மேலதான் அது பாய்ஞ்சிருக்கு. முருகன், அக்கா குழந்தை.

இன்னொண்ணு, ஒத்துக்கக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. அந்த ரெண்டு மணி நேரமும் நான் முருகனைப் பார்க்கவே இல்லை. என் மனசு சுத்தமா இருக்கான்னு அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் கெட்டவன் இல்லைங்கிறதுக்கு நூறு சதவீத உத்தரவாதம் கேட்டேன். அது யாருக்குமே கிடைக்காது.

மருத்துவர் மாத்திரையோட ஒரு பயிற்சியும் குடுத்தாங்க. எண்ணம் வந்தா வரட்டும், கவசம் ஒரே தடவைதான், தப்பு விட்டாலும் திரும்பப் படிக்கக் கூடாது. "சாமி விஷயத்துல டாக்டர் என்னய்யா சொல்றது?"ன்னு அம்மா கோபப்பட்டாங்க. எனக்கும் அந்தக் கோபம் இருந்துச்சு. ஆனா அருணகிரிநாதருக்கே முருகன் சும்மா இருக்கச் சொன்னதா சொல்றாங்க. அது வேற ஆழம், நான் அதுக்குப் பக்கத்துலகூட இல்ல. இருந்தாலும் அந்த நேரத்துல எனக்கு அது போதுமா இருந்துச்சு.

இதைப் படிக்கிறப்போ "இது நான்தானே"ன்னு தோணுச்சுன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோடது, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

போன சஷ்டிக்குக் காலையில கவசம் படிச்சேன். நடுவுல அந்த வார்த்தை வந்துச்சு, ஒரு வரியும் தடுமாறுச்சு. அரை மணி நேரம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரும்பப் படிக்கல. எட்டே கால் பஸ்ஸைப் பிடிச்சிட்டேன்.