குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

 

மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஈரமானதை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவரைக் கண்டித்தார்கள்.

ஒரு நாட்டின் பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்துத் துண்டு துண்டாக விற்கும் நாட்டு நிதியும் ஒரு குவியல்தான். அந்நாட்டு நாணயம் சரிந்து, “பாதி விலைக்கு வருகிறது” என்று நாலு பேர் சொல்லும் பருவத்தில்தான் நம்மவர்கள் அதில் ஓடி விழுகிறார்கள். குத்தூசி போடாமல் ஒரு மூட்டை அரிசி வாங்காத கை, இங்கே கண்ணை மூடிக்கொண்டு செக்கில் கையெழுத்துப் போடுகிறது!

1997 ஜூலை 2ல் தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் பிடியை விட்டது. அதற்குமுன் ஓர் அமெரிக்க வெள்ளிக்குச் சுமார் 25 பாட். 1998 ஜனவரியில் 50க்கும் மேல். கணக்குப் பாருங்கள். 100 பாட் பங்கு முதலில் 4 வெள்ளி. பங்கு பாதியாகி 50 பாட்டுக்கு வந்தால், நாணயமும் பாதியானதால் கையில் நிற்பது 1 வெள்ளி. பாதி போயிற்று என்று நினைத்தவருக்கு முக்கால் போயிருக்கும்.

நியூயார்க்கில் விலைபோன தாய்லாந்து நிதி போன்றவை மூடிய நிதிகள். துண்டுகளின் எண்ணிக்கை கூடாது. வைத்திருப்பவர் விற்றால்தான் நாம் வாங்கலாம். ஆகையால் உள்ளே 1 வெள்ளிச் சரக்கிருக்க, ஆசை மிகுந்த நாளில் வெளியே ஒன்றேகால் வெள்ளி கேட்பார்கள். அந்த நெருக்கடியிலே உள்மதிப்புக்கு மேல் விற்றதுமுண்டு. மலிவென்று வாங்கியவர் வாங்கியது மலிவா?

வாசலும் அடைபடலாம். நம் மலேசியாவிலேயே 1998 செப்டம்பர் 1ல், அன்னியர் பங்குகளில் போட்ட பணத்தை 12 மாதம் வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. மறுநாள் அமெரிக்க வெள்ளிக்கு 3.80 ரிங்கிட் என்று நிர்ணயமாகி, 2005 வரை நின்றது. அரசாங்கம் தன் வீட்டைக் காத்துக் கொண்டது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆறு மாதத்தில் திருப்பித் தரவேண்டிய பணத்தைப் போட்டவர் கதி என்ன?

ஆகையால் கடன் வாங்கி, அதிலும் வட்டிக் கடன் வாங்கி, இதில் இறங்கவே வேண்டாம். சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும் ஹஜ்ஜுக்கு ஒதுக்கியதையும் தொடாதீர்கள். கைமுதலிலிருந்து, பல வருஷம் மறந்திருக்கக்கூடிய தொகையானால், விலை விழுந்த காலத்தில் வாங்குவது பாவமல்ல. ஆனால் உள்ளே என்னென்ன கம்பெனிகள் என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். வட்டி பாங்குகள் இல்லாத நாட்டு நிதி அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே வைத்திருப்போர், விற்பதற்கென்றே வாங்கியிருந்தால், ஜகாத்தை வாங்கிய விலைக்கல்ல, வருஷம் பூர்த்தியாகும் நாளின் விலைக்கே கணக்கிட வேண்டும். அன்றைய நாணய மாற்று விலையையும் பேரேட்டில் எழுதி வையுங்கள்.