பணிப்பெண் முகவையும் ஆள் விற்பனை என்னும் கேள்வியும்

முகவை வழியாக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்வதில் மூன்று தரப்புகள் உண்டு: வேலை தேடும் பெண், அவளை அமர்த்தும் வீட்டுக்காரர், இருவரையும் சேர்த்துவைத்துக் கட்டணம் பெறும் முகவர். முதல் இருவருக்குள் கைமாறுவது உழைப்பும் சம்பளமும். முகவர் எதை விற்கிறார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆளை விற்கவில்லை, ஆளைத் தேடித்தரும் சேவையையே விற்கிறேன் என்பது அவர் தரும் விளக்கம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் முகவையில் வீட்டுக்காரர் புரட்டிப் பார்க்கும் பயோடேட்டாவில் பெண்ணின் படம், வயது, உயரம், எடை, மதம், பன்றி இறைச்சி சமைக்கச் சம்மதமா என்பது வரை எல்லாம் இருக்கும். உழைப்பை மட்டும் வாங்குபவருக்கு எடை எதற்கு?

இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரில் வைத்துப் பார்ப்பது எளிது. அங்கே இந்தத் தொழில் வெளிப்படையாக, உரிமம் பெற்று நடக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போகத் தொடங்கிய பின், வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கான திட்டத்தை அரசு 1978இல் கொண்டுவந்தது. இன்று இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்த 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே வீட்டு வேலை செய்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. எல்லாரும் வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. நாட்டின் பொதுவான வேலைநியமனச் சட்டத்துக்குள் அவர்கள் வருவதில்லை. வெளிநாட்டு ஊழியருக்கான தனிச் சட்டமே அவர்களுக்குப் பொருந்தும்.

2018இல் இந்தோனேசியப் பெண்களின் விவரங்கள் பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஓர் இணையத்தளத்தில் வெளிவந்தன. சிலரின் படத்தோடு ‘விற்றாயிற்று’ என்ற குறியும் இருந்தது. மனிதவள அமைச்சு நடவடிக்கை எடுத்தது, அவற்றை வெளியிட்ட முகவை மீது வழக்கும் வந்தது. மனிதரைச் சரக்குபோல் காட்டியது குற்றம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. காட்டிய விதம் மட்டும்தான் தவறா, காட்டப்பட்ட பரிமாற்றத்திலேயே அந்தத் தன்மை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வழக்கு மன்றம் அதற்குள் போகத் தேவையில்லை. மெய்யியல் போய்த்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பிய மெய்யியலாளர் பலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். ஜான் லாக்கின் விடை சுருக்கமானது: சுதந்திர மனிதன் குறித்த காலத்துக்குத் தன் சேவையை விற்கிறான், எஜமானனின் குடும்பக் கட்டுப்பாட்டுக்குள் வந்தாலும் அந்த அதிகாரம் ஒப்பந்த அளவைத் தாண்டாது, எனவே அவன் அடிமையல்லன். கான்ட் 1797இல் எழுதிய நூலில் சங்கடமான ஓர் இடைநிலையைக் காண்கிறார். மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள் ஆகியோர் மீது குடும்பத் தலைவனுக்கு இருப்பது, பொருளின் மீது உள்ளதைப் போன்ற ஆனால் மனிதர் மீதான உரிமை என்கிறார். வேலையாள் ஓடிப்போனால் தலைவன் திரும்பப் பிடித்துவரலாம். ஆனால் தேய்ந்து அழியும்வரை பயன்படுத்தக் கூடாது. இன்று இதைப் படிப்பவர் முகம் சுளிப்பார். ஆனால் சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை தர வேண்டும், அவள் காணாமற்போனால் அந்தத் தொகைக்கு ஆபத்து என்ற ஏற்பாடு, அவளது நடமாட்டத்தைக் கண்காணிக்க முதலாளிக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கத்தான் செய்கிறது. கான்ட் சொன்ன உரிமை சட்டத்தில் இல்லை. அதன் நிழல் இருக்கிறது.

ஹெகல் 1821இல் தந்த விடை இவற்றைவிடக் கூர்மையானது. ஒருவர் தம் திறமைகளின் பயனைக் குறித்த காலத்துக்குப் பிறருக்குத் தரலாம். அப்போது அது அவருடைய ஆளுமைக்கு வெளியே உள்ள ஒன்றாக நிற்கும். காலம் முழுவதையும் தந்துவிட்டாலோ, கொடுக்கப்படுவது அந்த ஆளேதான். எல்லைக்கோடு வேலையின் வகையில் இல்லை, நேரத்தின் அளவில் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதியதும் நேரம் முடிகிறது. வேலை செய்யும் வீட்டிலேயே உறங்கும் பெண்ணுக்கு அந்தச் சங்கு எங்கே? இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுவது வேலையா, வீட்டில் ஒருத்தியாக இருப்பதன் இயல்பா? ‘அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி’ என்று வீட்டுக்காரர் அன்போடு சொல்லும்போது நேரக் கணக்கு மறைந்துபோகிறது. அந்த அன்பு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மெய்யாக இருந்தாலும் கணக்கு மறையும்.

இந்தோனேசியப் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இஸ்லாமியச் சட்ட மரபு இதே இடத்தை வேறு வழியாக வந்தடைகிறது. ஒருவருக்கு மட்டும் காலக் கணக்கில் அமர்ந்த ஊழியர், வேலைக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவர். வேலை கொடுக்கப்பட்டதா என்று பார்க்கத் தேவையில்லை. உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தில் இந்த விதி இருக்கிறது. காத்திருப்பும் வேலைதான் என்று இதற்குப் பொருள் கொண்டால், அழைப்புக்குக் காது கொடுத்தபடி கிடக்கும் இரவும் கணக்கில் சேர வேண்டும்.

உழைப்பை உழைப்பவரிடமிருந்து பிரித்து விற்கலாம் என்பதையே அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் 1988இல் மறுத்தார். உழைக்கும் ஆற்றல் கைமாற வேண்டுமானால் அந்த ஆளும் கூடவே வந்து கட்டளைக்குப் பணிந்து நிற்க வேண்டும்; ஆகவே வேலை ஒப்பந்தத்தில் உண்மையில் வாங்கப்படுவது பணிவு என்றார். எல்லா வேலைக்கும் பொருந்தும் வாதம் இது. முகவையில் இது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது: பிடிக்காவிட்டால் குறித்த காலத்துக்குள் மாற்று ஆள் தருவதாக முகவர்கள் வாக்களிக்கிறார்கள்.

இனி கடன். பயிற்சி, மருத்துவச் சோதனை, ஊர் முகவரின் பங்கு, விமானச் சீட்டு என்று வரும் செலவை முதலாளி முன்கூட்டிக் கட்டிவிட்டுச் சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வது பழகிப்போன முறை. சிங்கப்பூர் முகவை பெண்ணிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. சொந்த நாட்டில் ஏறிய செலவு அந்த வரம்புக்குள் வராது. தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த பொது விதி. சிங்கப்பூர் அதில் சேரவில்லை.

கடனுக்காக உழைப்பவரைப் பற்றி அர்த்தசாஸ்திரமும் பேசுகிறது. அடகாக வந்தவரைப் பிணம் தூக்கவோ மலம் அள்ளவோ எச்சில் எடுக்கவோ ஏவினால், அடகு வாங்கியவர் தம் தொகையை இழப்பார். எந்த வேலையை ஏவலாம் என்பதற்கு அந்த நூல் வரம்பு கட்டியது. இன்றைய கேள்வி வேறு: விலகிச் செல்ல முடியுமா? விலக முடிவதுதான் ஒப்பந்தத்தைக் கொத்தடிமையிலிருந்து பிரிக்கிறது. முதல் சில மாதச் சம்பளம் கைக்கு வராத பெண்ணுக்கு அந்த உரிமை காகிதத்தில் இருக்கிறது. பயன்படுத்தினால் கடனோடு ஊர் திரும்ப வேண்டும். அவள் தரும் சம்மதத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது, முழுமையானது என்று ஏற்கவும் முடியாது.

ஓய்வு நாள் விதி இந்தச் சிக்கலைச் சட்டம் எதிர்கொண்ட ஓரிடம். சிங்கப்பூரில் 2013 முதல் வாரந்தோறும் ஒரு நாள் ஓய்வு கட்டாயமானது. பெண் சம்மதித்தால் அதற்கு ஈடாகப் பணம் தரலாம் என்றும் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் மாதந்தோறும் ஒரு நாளாவது ஓய்வாகவே இருக்க வேண்டும், அதைப் பணத்துக்கு ஈடாக்க முடியாது. அவளுடைய நாளை அவள் விற்பதை அரசு தடுக்கலாமா, இது அவளைக் குழந்தையாக நடத்துவதாகாதா என்ற மறுப்பு நியாயமானதே. சுதந்திரத்தின் பெயரால் சுதந்திரத்தையே விற்றுவிட முடியாது என்று ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் வாதிட்டது முழு அடிமைத்தனத்தை மனத்தில் வைத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது அப்படியே பொருந்தாது. ஹெகலின் அளவுகோல் பொருந்தும்: காலம் முழுவதும் விலைக்குப் போகாதிருக்க, விற்க முடியாத ஒரு பகுதி எஞ்சியிருக்க வேண்டும். அந்தப் பகுதியைச் சிங்கப்பூர் மாதம் ஒரு நாள் என்று வகுத்திருக்கிறது. மற்ற வாரங்களின் ஓய்வு நாளைச் சம்மதத்தோடு இன்றும் விலைக்குத் தரலாம்.