அந்நியன் பந்தியில் உட்கார்ந்தால்



கடல் கடந்து போவது நெற்குப்பைக்குப் புதிதல்ல. பயண நூல்களால் பேர்பெற்ற சோமலெ பிறந்த ஊர் இது. ஆனாலும் போன இடத்தில் மனச்சாட்சியும் கூடவே வருகிறதே!

பினாங்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவனுக்குத் தைப்பூசத்தன்று விடுமுறை. அங்கே அது அரசாங்க விடுமுறை நாள். (பினாங்கு என்றால் குருக்களாகிய எங்களுக்கு வேதசாட்சிகள் போதித்த குருமடம் நினைவுக்கு வரும், நகரத்தாருக்கோ 1894-ம் ஆண்டு முதல் ஓடிவரும் வெள்ளி ரதம்.) முந்தின நாள் அந்த ரதம் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகையில், வழிநெடுகச் சீனர்களும் தேங்காய்களைக் குவித்து உடைப்பதைக் கண்டு அதிசயித்தான். மறுநாள் அவன் வழக்கமாகச் சாப்பிடும் கடை பூட்டிக் கிடந்தது. பசியோடு நடந்தவனைத் தண்ணீர்ப் பந்தலில் ஒருவர், “தம்பி, சாப்பிட்டுப் போ” என்று கூப்பிட்டு இலை போட்டார். சாப்பிட்டான். இரவில் தூக்கம் வரவில்லை. தாய்க்கு எழுதினான். அவர் பூசை முடிந்ததும் வந்து, “சாமி, அவன் செய்தது பாவமா?” என்றார்.

ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கொரிந்து பட்டணத்தாரும் இதையே அர்ச். சின்னப்பரிடம் கேட்டார்கள். விசுவாசியல்லாத ஒருவன் அழைத்தால், வைத்ததை விசாரணையின்றிச் சாப்பிடலாம் என்றார். இது பலியிட்டது என்று ஒருவன் சொன்னால் மட்டும், சொன்னவன் மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடு என்றார். ஆக, கேள்வி சோற்றைப் பற்றியதல்ல. காவடி எடுப்பதும் அர்ச்சனைத் தட்டு ஏந்துவதும் ஆராதனை, அது நமக்குரியதல்ல. பசித்தவனுக்கு இட்ட சோறு தர்மம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நம்மிலும் உண்டு. பிற மதத்தாரை மதிப்போடு நோக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் போதித்த பின்னுமா இந்தக் குழப்பம்?

என் மனதைக் குத்தியது வேறு. தாய் சாப்பிட்டவனைப் பற்றிக் கேட்டார். நானோ கூப்பிட்டவரைப் பற்றி நினைத்தேன். உபாகமத்தில், அறுப்புத் திருநாளில் மகனும் மகளும் வேலையாளும் மட்டுமல்ல, வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் அநாதையும் விதவையும் கூடவே மகிழவேண்டும் என்று கட்டளை இருக்கிறது. வீட்டுக்காரன் மனம்போல் செய்யும் உபகாரமாக அதை ஆண்டவர் விடவில்லை. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்று காரணமும் சொன்னார். இந்தப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்கள் சென்ற கிறிஸ்துமஸ் இரவில் நம் வாசலுக்கு வெளியே நின்று குடிலின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கேக் பங்கிட்டோம். நானும் அவர்களைப் பார்த்தேன்; பூசைக் களைப்பில் அறைக்குப் போய்விட்டேன். பினாங்குப் பந்தல்காரருக்குக் களைப்பு இருந்திராதா?

அந்தத் தாயிடம், “பையன் பாவம் செய்யவில்லை. இலை போட்டவருக்கு நன்றி சொன்னானா என்று மட்டும் எழுதிக் கேளுங்கள்” என்றேன். பதில் இன்னும் வரவில்லை.