கலப்பும் கலப்படமும்

கலப்பு, கலவை, கலப்படம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்த சுண்ணச் சாந்தினால் நம் முன்னோர் எழுப்பிய சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன. அதனைக் கலவை என்று பெருமையோடு சொல்கிறோம். மிளகோடு பப்பாளி விதையைச் சேர்த்து விற்பவனைக் கலப்படக்காரன் என்று தூற்றுகிறோம். இரண்டு இடத்திலும் கை செய்த செயல் ஒன்றுதான்: ஒரு பொருளோடு அதில் இல்லாத வேறொன்று சேர்க்கப்பட்டது. அப்படியானால் ஒன்று மேம்படுத்துதலாகவும் மற்றொன்று கேடாகவும் ஆவது எதனால்?

இக்கேள்வியை நம்முள் கிளப்பியது ஒரு மடல். சூலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்து, இன்று இங்கிலாந்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுதியது. ‘ஸ்டவுட்’ எனப்படும் கருநிறப் பியரை அவர் தம் வீட்டிலேயே நொதிக்கவைத்து இறக்குகிறார். வீட்டுத் தேவைக்குப் பியர் வடிக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி அந்நாட்டில் 1963ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது. நம் மாநிலத்திலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம்; வாசகர் எவரும் இக்கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம்!

அவர் வாங்குவது ஒரு தகர டப்பா. முளைகட்டிய பார்லியின் சாறு, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவின் சாரத்தோடு, பாகாகச் சுண்டக் காய்ச்சி அதனுள் அடைக்கப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை நீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்கச் சொல்கிறது டப்பாவின் மேலுள்ள குறிப்பு. அவ்வாறே செய்தால் குடிக்கத்தக்க ஒன்று கிடைக்கும். ஆயினும் நீர்த்துப்போனதாக, வெறுமையாக இருக்குமாம். அவர் செய்யும் முதல் திருத்தம் சர்க்கரையை நீக்குவது. சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்று மதுச்சாரமாக்கிவிடுகிறது. போதை ஏறுகிறது, உடல் ஏறுவதில்லை. அதற்கு ஈடாக முளைகட்டிய பார்லிச் சாற்றையே சேர்த்தால், ஈஸ்ட்டால் தின்ன இயலாத பகுதிகள் தங்கி, நாவில் கனமும் செறிவும் நிற்கின்றன. அடுத்து, கருக வறுத்த பார்லியைச் சிறிதளவு வெந்நீரில் ஊறவைத்து வடித்துச் சேர்க்கிறார். நொதிக்கும் அறையின் வெப்பத்தை 20 பாகைக்கு மேல் போகவிடுவதில்லை. புட்டியில் அடைத்தபின் சில வாரங்கள் தொடாமல் வைக்கிறார். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்வாராம். காப்பி, சாக்லேட், வனிலா என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமற்போகும். நல்ல ஆன்ம ஆலோசகர் சொல்லத்தக்க சொல்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பிறர் செய்து தந்ததைத் தாம் மாற்றுவது அதைச் சீராக்குவதா, சிதைப்பதா என்று அவர் வினவியிருந்தார். வேடிக்கையாகக் கேட்டிருக்கலாம். நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஏனெனில் இந்தக் கரும்பியரின் வரலாறே கலப்படத்தின் வரலாறு. ஸ்டவுட்டின் தாய் ‘போர்ட்டர்’ என்ற இலண்டன் பியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கருநிறமும் கடுங்கசப்பும் எதையும் மறைத்துக்கொள்ளும் போர்வையாயின. குறைந்த தானியத்தில் செய்த மெலிந்த பானத்துக்கு வீரியம் இருப்பதுபோல் காட்ட அதில் ஒரு விதையைச் சேர்த்தனர். அவ்விதை எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் தென்னாட்டு மலைக்காடுகளிலிருந்தும்தான். குளம் குட்டைகளில் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட காக்காய்க்கொல்லி விதையே அது. நரம்பைத் தாக்கும் நஞ்சு. வேதியியல் அறிஞர் ஃபிரெடரிக் அக்கம் 1820இல் வெளியிட்ட உணவுக் கலப்படம் பற்றிய நூலில் இதனை அம்பலப்படுத்தினார். அதற்கு முன்பே, 1816இல், முளைகட்டிய தானியமும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் பியரில் சேர்க்கலாகாது எனப் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமியற்றியிருந்தது. நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்துவந்தோர் திகைத்தனர். மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக் கொட்டையை வறுப்பதுபோல் முளைகட்டிய தானியத்தை உருளையில் இட்டு வறுத்துக் கருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து ஒன்றும் சேராமல், தானியம் தன்னிலிருந்தே தன் கருமையை ஈன்றது. இன்றைய ஸ்டவுட்டின் நிறமும் மணமும் அந்த வழியில் வந்தவையே.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. விதையைச் சேர்த்தவன் இல்லாததை இருப்பதுபோல் காட்டினான். தானியத்தை வறுத்தவன் அதனுள் உறங்கிய ஒன்றை எழுப்பினான்.

குருமடத்தில் நாம் பயின்ற அக்குவினா தோமா இவ்வினாவைச் சந்தையிலும் சந்தித்தார், பீடத்திலும் சந்தித்தார். குறையுள்ள பொருளை அறிந்தே விற்பது வஞ்சகம் என்று நிறுவும் இடத்தில், திராட்சை இரசத்தில் நீர் கலந்த எருசலேமை இறைவாக்கினர் எசாயா சாடியதை அவர் சான்றாகக் காட்டுகிறார். அதே திராட்சை இரசத்தில், ஒவ்வொரு நாளும் திருப்பலியில், நம் கையாலேயே நாம் நீர் ஊற்றுகிறோம்! திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி அந்நீரைக் கட்டளையாகவே வைத்திருக்கிறது. எசாயா கண்டித்த செயலும் பீடத்தின் செயலும் கண்ணுக்கு ஒன்றே. தோமா தரும் விளக்கம் எளியது: ஊற்றப்படும் நீர் சிறிதளவாக இருக்க வேண்டும், இரசம் இரசமாகவே நிலைக்க வேண்டும். இன்னொன்றை நாம் சேர்ப்போம்: அந்நீர் மக்கள் அனைவரின் கண் முன்னே ஊற்றப்படுகிறது. எருசலேமின் வணிகன் கதவை அடைத்துக்கொண்டு ஊற்றியிருப்பான்.

அப்படியானால் ஒளிவின்மை ஒன்றே போதுமா? போதாது என்பதே நம் துணிவு. இங்குதான் அந்தச் சர்க்கரை நம்மை நிறுத்துகிறது. அதில் வஞ்சனை ஏதுமில்லை. டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. செய்பவரும் குடிப்பவரும் ஒருவரே. ஆயினும் பொருள் மெலிகிறது. பானத்தைப் பானமாகக் கொள்ளாமல் போதையின் ஏனமாக மட்டும் கொண்டதால் வந்த மெலிவு அது. பிறரை ஏமாற்றாமலே ஒன்றைச் சிறுமைப்படுத்த இயலும். நம் ஊரில் எத்தனையோ பேர் தம்மைத்தாமே அவ்வாறு செய்துகொண்டதைப் பார்த்துவிட்டோம். கல்லறைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் காணாதோரின் சிலுவைகளைக் கடந்துதான் நாம் நாள்தோறும் நடக்கிறோம்.

கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க இலண்டன் வரை போக வேண்டியதில்லை. பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் அதே பாளையின் அதே சாறு, கலயத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட்டினால் சில மணி நேரத்திலேயே கள்ளாகத் தொடங்கிவிடும். ஆக, ஒன்றைச் சேர்த்ததால் சாறு தன் இயல்பில் நிற்கிறது, சேர்க்காததால் மாறுகிறது. சேர்ப்பதே குற்றம் என்போருக்கு அந்தச் சுண்ணாம்பு விடை சொல்லும்.

கள்ளுக்கு நம் மாநிலத்தில் 1987 முதல் தடை உள்ளது. தடையை நீக்கக் கோரும் உழவர் குரல் சூலூர், சுல்தான்பேட்டைத் தோப்புகளில் நாம் அடிக்கடி கேட்பது. தடைக்குச் சொல்லப்படும் காரணங்களுள் முதன்மையானது கலப்படம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தெலங்கானாவில் கள்ளில் தூக்க மருந்துகளைக் கலந்து விற்ற செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மரத்திலிருந்து இறங்கியதன்று; ஆலைப் பயனுக்கான மெத்தனால் கலந்த சாராயம். மரம் ஏறுபவரின் கையைக் கட்டினோம். கலப்பவனின் கை கட்டப்படவில்லை. மதுவை ஊக்குவிக்க நாம் இதைச் சொல்லவில்லை. மரத்தின் மேல் வழக்கு நடத்தி மனிதனைத் தப்பவிடும் வாதத்தை ஏற்க நம்மால் இயலவில்லை என்று மட்டும் சொல்கிறோம். ‘சுருக்கென்று ஏற வேண்டும்’ என்று கேட்டு வாங்குபவரும் அந்தக் கலப்பில் கைகோத்தவரே என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அரசு வழி செய்தது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கெனப் பனிக்கட்டி வைத்த பெட்டி ஒன்றை வடிவமைத்துள்ளனர். பாளையிலிருந்து சொட்டுவது நேரே குளிரில் விழுகிறது, சுண்ணாம்புகூட வேண்டாம். இங்கிலாந்து இளைஞர் தம் அறையின் வெப்பத்தைக் காத்ததும் இவ்வகையே. இருவரும் பொருளுக்குள் எதையும் இடவில்லை. அது கெடாதிருக்கும் சூழலை மட்டும் அமைத்தனர். மருத்துவர் நலத்தை உண்டாக்குவதில்லை, உடலின் உள்ளாற்றலுக்குத் துணை நிற்கிறார் என்று தோமா ஓரிடத்தில் காட்டுவார். அவ்விளைஞருக்கு எழுதும் மறுமொழியில் அப்பகுதியையே படிக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு அவர் ஊர் வரும்போது, அந்தப் பெட்டியை அவருடைய தந்தையின் தோப்பில் கட்டிப்பார்க்கலாம் என்றும் எழுதியுள்ளோம்.