விட்டுப்போன எடை

1986 மார்ச் 15. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் நின்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வேர்ல்டு. 33 பேர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். எரிவாயு வெடித்ததா, எம்.ஆர்.டி. சுரங்கம் தோண்டியதாலா என்றெல்லாம் சந்தேகித்தார்கள். விசாரணையில் வந்த விடை அதைவிட எளிமையானது. உள்ளே வரும் ஆட்கள், சாமான்களின் எடை, அதாவது லைவ் லோட், வடிவமைப்புக் கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடையான டெட் லோட் சேர்க்கப்படவேயில்லை.

1971-இல் கட்டியது, பதினைந்து வருஷம் நின்றது. நிற்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?

பொறியியல் மாணவர்களுக்குத் தகவலைத் தேடவும் சோதிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2013-இல் தொடங்கிய எஸ்.யூ.ஆர்.இ. இயக்கம் இதை நான்கு படிகளாக்கியது: மூலத்தைப் பார், புரிந்துகொள், மேலும் தேடு, மதிப்பிடு. நல்ல படிகள்தான். ஆனால் இவை எல்லாமே கண்முன் இருக்கும் தகவலைச் சோதிக்கின்றன. நியூ வேர்ல்டு கணக்கில் பிழை, இல்லாத ஒன்றில் இருந்தது. இல்லாததை எந்தத் தேடுபொறியும் காட்டாது. சாட்ஜிபிடி சரளமாகத் தரும் பதிலிலும் விட்டுப்போனது ஓட்டையாகத் தெரியாது. என்னென்ன இருந்தாக வேண்டும் என்று முன்பே யோசித்து வைத்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

சரி, இது வெறும் திறமை சார்ந்த விஷயமா? நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பாருங்கள். ரீடிங் சரியாக வரவில்லை என்றால் சீனியர் நோட்டைப் பார்த்து வரவழைத்துவிடுவோம். அது பொய் என்று பையனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் எழுதுகிறான், ஏனென்றால் அந்த எண்ணுக்குக் கீழே யாரும் படுத்துத் தூங்கப்போவதில்லை. இதில் குறைவது அறிவல்ல, அக்கறை.

அதே பையன் சில வருஷம் கழித்து கேலாங் லோரோங் ஒன்றில், ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்களில், ஊர்க்காரர்களோடு தங்கியிருப்பான். பகலில் சைட் இன்ஜினியர். "டிராயிங்ல இருக்கிறதத்தானண்ணே செய்யறோம், நமக்கெதுக்கு வம்பு?" என்பான். கோழை என்று அவனைச் சொல்லிவிட முடியாது. வேலை போனால் பெர்மிட்டும் போகும். ஊரில் கடன் இருக்கும். கேள்வி கேட்பதற்கும் விலை உண்டு, அதை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை.

சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டது என்றுதான் நினைக்கிறேன். 1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், வடிவமைப்புக் கணக்கைத் தனியாக ஒரு அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் சோதிக்க வேண்டும் என்றது. சந்தேகம் அவமரியாதையாக இல்லாமல் ஒருவரின் வேலையாகவே ஆனது. மூத்தவரிடம் கேள்வி கேட்பதே தப்பு என்று வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சட்டத்தாலும் ஒன்று முடியாது. முதல் ஆள் 'அவர் பார்த்துப்பார்' என்றும், இரண்டாம் ஆள் 'இவர் பார்த்திருப்பார்' என்றும் இருந்துவிட்டால், இரண்டு கையெழுத்து இருக்கும், பார்த்த கண் ஒன்றுகூட இருக்காது.

எல்லாவற்றையும் நாமே சோதிக்க முடியாது என்பது உண்மை. நம்பாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. அதனால் எதை நம்பலாம், எதைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்கு மாணவனிடம் நான் கொடுக்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: இது தப்பானால் யார் தலையில் விழும்? தன் மார்க்கில் மட்டும் என்றால் நம்பிவிட்டுப் போகட்டும். அடுத்தவர் தலையில் என்றால், சொன்னவர் யாராக இருந்தாலும், உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.