பயத்தால் புதைக்கப்பட்ட தாலந்து



அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் தாலந்துகளின் உவமையை வாசிக்கிறோம். தூரதேசம் புறப்படும் எஜமான் ஒருவன் தன் ஊழியர்களை அழைத்து, அவனவன் திறமையைப் பார்த்து, ஒருவனுக்கு ஐந்தும் மற்றவனுக்கு இரண்டும் வேறொருவனுக்கு ஒன்றுமாகத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறான். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான். இந்த உவமையைப் பற்றிப் பல பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். இன்று இதை நம் பள்ளிக்கூடங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஏனெனில் நம் வீடுகள் பலவற்றில் ஜெபமாலையைவிட மார்க்கைப் பற்றிய பேச்சே அதிகமாகிவிட்டது.

கணக்குக் கேட்பது தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். எஜமான் கேட்டான், சர்வேசுரனும் நம் ஒவ்வொருவரிடமும் கேட்பார். ஏழைத் தகப்பன் கூலி வேலைக்குப் போய்த் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். அரசாங்கம் ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. வகுப்புக்கு வராத உபாத்தியாயரும், வந்தும் கற்பிக்காத உபாத்தியாயரும் அந்த ஏழையின் பிள்ளைக்குச் சேரவேண்டியதைத் திருடுகிறார்கள். ஆகையால் பள்ளிக்கூடம் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். எந்தக் கணக்கைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் கேள்வி.

இது புதிய கேள்வியல்ல. 1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பரீட்சை வைப்பார். தேறின பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டே பள்ளியின் மானியம் பெரும்பாலும் தீர்மானமாகும். இதைக் கொண்டுவந்த ராபர்ட் லோ, கல்விக்குச் செலவாகும் பணத்துக்குத் தக்க பலன் கிடைக்க வேண்டுமென்று எண்ணினார். நடந்தது என்ன? பரீட்சையில் வராத பாடங்கள் சுருங்கின. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தின் பொருளறியாமலே அதை மனப்பாடம் செய்தார்கள். கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்ட், போதனை யந்திரம்போல் ஆகிவிட்டதென்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். இந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மிஷன் பள்ளிகளும் இதற்கு உட்பட்டன. முடிவில் இங்கிலாந்து 1890-களில் இதைக் கைவிட்டது. இந்திய அரசாங்கமும் 1904-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் இது வேண்டாமென்றது.

மானியம் போயிற்று, மனப்பான்மை போகவில்லை. நம் தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் படிக்கவைத்தார்கள். மார்க்குகள் உயர்ந்தன. ஆனால் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அடிப்படை தெரியாமல் தடுமாறினார்கள். 2017-ஆம் ஆண்டில் அரசாங்கம் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அது நல்ல காரியம். அதே ஆண்டில், விட்டுப்போன பாடத்தை நடத்தவைப்பதற்காகப் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு ஏற்படுத்தியது. பரீட்சையால் வந்த நோய்க்கு மற்றொரு பரீட்சை மருந்தாயிற்று! 2025-இல் அந்தத் தேர்வும் நீக்கப்பட்டது. சட்டங்கள் இப்படி வந்து போகின்றன. ஆனால் பள்ளியின் வாசலில் நூறு சதவீதம் என்று பெரிய எழுத்தில் பலகை வைக்கும் ஆசை எந்தச் சட்டத்தாலும் போவதில்லை.

அந்த ஆசை வகுப்பறைக்குள் என்ன செய்கிறதென்று பாருங்கள். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், தவளை முட்டை வாற்பேத்தையாவதைக் காட்டினார். வகுப்பு முழுவதும் கேள்வி கேட்டது. பிறகு தேர்ச்சி விகிதம் குறைந்தது ஏன் என்று கூட்டத்தில் எல்லோர் முன்பாகவும் நிறுத்தி விசாரித்தார்கள். அடுத்த வருஷம் ஏரிக்கரை இல்லை. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகள், அவற்றின் விடைகள், மறுநாள் அவற்றில் டெஸ்ட், அவ்வளவுதான். ஓவிய வகுப்பைக் கணக்கு எடுத்துக்கொண்டது. விளையாட்டு வகுப்பை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பையன்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இது பரீட்சைக்கு வருமா என்று மட்டும் கேட்கிறார்கள். அந்த ஆசிரியை சோம்பேறியல்ல. முன்னைவிட அதிக நேரம் உழைக்கிறார். ஆனால் சர்வேசுரன் அவருக்குக் கொடுத்த சிறந்த தாலந்து எங்கே? மண்ணுக்குள்.

இப்பொழுது உவமைக்குத் திரும்புவோம். ஒரு தாலந்து பெற்றவன் அதை ஏன் புதைத்தான்? தான் பயந்ததாக அவனே சொல்லுகிறான். எஜமான் கடினமானவன் என்று எண்ணினான். நஷ்டம் வந்தால் என்னவாகுமோ என்று நடுங்கினான். வியாபாரம் செய்கிறவன் நஷ்டப்படவும் துணியவேண்டும், கற்பிக்கிறவனும் அப்படியே. புதிய முறையில் ஒரு பாடத்தைச் சொல்லித்தருகிற உபாத்தியாயர், அது சில சமயம் பலிக்காது என்று அறிந்தே செய்கிறார். பயத்துக்கு அந்தத் துணிவு கிடையாது. பயம் குழிதோண்ட மட்டுமே அறியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நான்காக்கினவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒன்றே. நீ ஏன் பத்துக் கொண்டுவரவில்லை என்று இரண்டாமவனை அவன் கேட்கவில்லை. பெற்றதென்ன, அதைக்கொண்டு செய்ததென்ன என்று பார்த்தான். இதுவே நீதியான கணக்கு. எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த செங்கல்சூளைத் தொழிலாளியின் மகள், பத்தாம் வகுப்பில் 45 மார்க் வாங்கினால், அவளும் அவளுடைய உபாத்தியாயரும் இரண்டை நான்காக்கினவர்கள். பலகையில் அவள் பெயர் வராது. பரலோகத்தின் கணக்கில் வரும்.

இதிலும் கொடிய காரியம் ஒன்று உண்டு. தேர்ச்சி விகிதம் குறையக்கூடாதென்று, மெல்லக் கற்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. நல்ல ஆயனுடைய உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போயிற்று. அவன் தன் மந்தை தொண்ணூற்றொன்பதுதான் என்று பதிவேட்டைத் திருத்திவிட்டு, நூறு சதவீதம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தேடிப் போனான். ஏழைப் பிள்ளைகளுக்காக எழும்பிய கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் எதுவாயினும், இந்தத் திருத்தலைச் செய்தால், அதன் வாசலில் உள்ள சிலுவைக்குப் பொருளென்ன?

பெற்றோர்களே, பயமுறுத்துகிறவர்கள் கல்வி அதிகாரிகளும் நிர்வாகிகளும் மாத்திரமல்ல. பலகையைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்துகொள்ளுகிறவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை விசாரிக்கிறவர்களும் நாம். ஆகையால் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும், எத்தனை மார்க் என்பதற்கு முன்னால், இன்று வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய் என்று விசாரியுங்கள். நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். வினவுவது பிள்ளைக்கு அழகு.

இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தவறாமல் போங்கள். தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிற அதே வாயால், ஓவிய வகுப்பு நடக்கிறதா, விளையாட்டு நடக்கிறதா, சோதனைக்கூடம் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் பத்தாம் வகுப்பில் இருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, நன்றாகக் கற்பிக்கும் உபாத்தியாயரை உங்களுக்குத் தெரிந்தால், அவரிடமே போய் அதைச் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். குறை சொல்ல நூறு பேர் வருகிறார்கள். பாராட்ட ஒருவர் வந்தாலும் பயம் பாதி நீங்கும்.

ஆண்டவர் தாமே எப்படிப் போதித்தார்? விதைப்பவனையும், புளித்த மாவையும், காணாமற்போன காசையும், வயல்வெளியின் லீலிப் புஷ்பங்களையும் காட்டிப் போதித்தார். கேட்டவர்கள் எல்லோரும் உடனே விளங்கிக்கொள்ளவில்லை; அப்போஸ்தலர்களே பலமுறை தவறான பதில் சொன்னார்கள். அவர் பொறுத்திருந்தார். அந்தப் பொறுமையிலிருந்துதான் திருச்சபை பிறந்தது.

பிரான்சு தேசத்து அர்ச். தெலசால், ரேம்ஸ் நகரில் தமக்கிருந்த பதவியையும் ஆஸ்தியையும் விட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியிலேயே கற்பிக்கும் உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்தார். 1950-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை உபாத்தியாயர்கள் எல்லோருக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அவரை நோக்கி, உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அவர்கள் பயம் நீங்கி, புதைத்துவைத்த தாலந்தைத் தோண்டியெடுத்து, நம் பிள்ளைகளின் கையில் வைப்பார்களாக. ஆமென்.