ஓட்டமும் துறவும்

இருக்கும் நிலை பொறுக்க முடியாமற்போன மனிதன், தன்னை அறிந்தவர் எவருமில்லாத ஓர் ஊருக்குப் போய் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிவிட வேண்டுமென்று ஏங்குவது எக்காலத்துக்கும் பொதுவான இயல்பு. அந்த ஏக்கத்தைக் கடன்காரனிடத்தில் கண்டால் கோழைத்தனம் என்கிறோம். காவியுடுத்தவனிடத்தில் கண்டால் வைராக்கியம் என்கிறோம். இரண்டுக்கும் உள்ள பேதம் வெறும் உடுப்பில் இல்லையென்றால், வேறு எதில் இருக்கிறது? புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு இதை விசாரம் செய்வது பொருத்தமே; ஏனெனில் ஓடி வந்தவர்களின் சுவடு இங்கே கல்லிலும் கோயிலிலும் பதிந்து கிடக்கிறது.

அறந்தாங்கிக்கு அப்பால் உள்ள ஆவுடையார்கோயிலே பழைய திருப்பெருந்துறை. நந்தியும் கொடிமரமும் இன்றி, கருவறையில் லிங்கத் திருமேனியும் இன்றி, ஆவுடையாரே ஆத்மநாதராக வழிபாடு கொள்ளும் அந்த ஸ்தலம், தம் அடையாளங்களையெல்லாம் களைந்துவிட விரும்புவோருக்கென்றே அமைந்தது போலத் தோன்றும். திருவாதவூரில் பிறந்து, பாண்டியனிடம் தென்னவன் பிரமராயன் என்ற விருதோடு அமைச்சராயிருந்த மாணிக்கவாசகர், கடற்றுறையில் வந்திறங்கும் குதிரைகளை வாங்கப் பொக்கிஷத்துப் பொன்னோடு புறப்பட்டு, இங்கே குருந்த மரத்தடியில் வீற்றிருந்த குருநாதரைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து, அந்தப் பொன்னையெல்லாம் ஆலயத் திருப்பணிக்கும் அடியார் பூசைக்கும் செலவிட்டுவிட்டார் என்பது புராணம்.

லௌகிக நியாயத்தில் இது அரசாங்கப் பணத்தைக் கையாடிய குற்றம். பக்தி மிகுதியால் நாம் அந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம், புராணமோ கடக்கவில்லை. ஞானம் சித்தித்த அந்த மரத்தடியிலேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் குருவே சீடரை மதுரைக்குத் திருப்பி அனுப்புகிறார். ஆவணி மூலத்தன்று நரிகள் பரிகளாகி வருகின்றன; இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஓட, அமைச்சர் வையையின் சுடுமணலில் நிறுத்தப்படுகிறார்; ஆறு பெருகுகிறது; பிட்டு விற்கும் வந்திக்குக் கூலியாளாக வந்த இறைவன் மண் சுமந்து, பாண்டியனின் பிரம்படியையும் ஏற்கிறான். அற்புதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு அமைப்பை மாத்திரம் நோக்கினால், இக்கதை சொல்வது ஒன்றுதான்: விட்டு வந்த இடத்தில் தீராமற்கிடந்த கணக்கைத் தெய்வமே அடிபட்டாவது தீர்க்க வேண்டியிருந்தது, அது தீர்ந்த பின்னரே அடியார் விடுதலை பெற்றார்.

நள்ளிரவில் மனைவியையும் மகனையும் விட்டுப் போன சித்தார்த்தரும், புத்தரான பிறகு கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்து அவர்கள் முன் நின்றார். குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்டுப் பிச்சையேற்று உண்பதே மேல் என்று சொன்ன அருச்சுனனைக் கண்ணன் துறவியென்று மெச்சவில்லை. ஆகவே புறப்பாடு மட்டுமே துறவாகிவிடாது. விட்டுவந்தோரின் முகத்தை மறுபடி பார்க்க அஞ்சாதவனுடைய புறப்பாடே துறவாகிறது.

இது பாதி விடைதான். மற்றப் பாதி சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டத்துக் குகையில் இருக்கிறது. சமண முனிவர்களுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளில் ஒன்றில், கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட பிராமி எழுத்தில், எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபாவில் இளையர் செய்து கொடுத்த ஆசனம் இது என்ற செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. எருமிநாடு மைசூர்ப் பிரதேசம் என்பர் அறிஞர். ஊரும் உறவும் துறந்து வந்த ஒருவருடைய பிறந்த ஊரைக் கல்லில் எழுதி வைத்தார்கள் என்பது வியப்புக்குரியது. அவருக்கு இடம் அமைத்துத் தந்தவர்களின் பெயரும் அதே வரியில் நிற்பது அதனினும் வியப்பு. வந்தவனை அவன் ஊரோடும் பேரோடும் ஏற்றுக்கொள்வோர் இல்லாமல் புதுவாழ்வு என்பது இல்லை; தனிமனிதனின் துணிவு அவனை ஊர் எல்லைவரை கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவே.

இந்த அளவுகோலை நம் காலத்துக்குப் பொருத்திப் பார்ப்பது கசப்பானது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களுக்காக அமைந்த முகாம்கள் இம்மாவட்டத்தில் இலேனா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இருக்கின்றன. அகதிகள் முகாம் என்று வழங்கிய அவற்றை 2021-இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களிலும் பலர் இன்னும் எந்த நாட்டின் குடிகளும் ஆகவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

துறவியைக் கேட்ட கேள்வியை இவர்களிடம் கேட்பது அதர்மம். வீடு எரிந்ததால் வெளியேறியவர்கள் அங்கே தீர்த்துவிட்டு வரவேண்டிய கணக்கு எதுவும் இல்லை. அந்தக் கணக்கு எரித்தவர்களைச் சேர்ந்தது. எஞ்சியிருப்பது இரண்டாவது கேள்வி, அதற்கு விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்கள் அல்லர். தானே விரும்பி வந்த அந்நியருக்குக் கல்லைக் குடைந்து இடம் செய்த ஒரு நாட்டில், விரும்பாமல் வந்தவர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தங்குமிடம் மட்டும் பெற்று உரிமை பெறாமல் இருப்பார்களானால், குறை வந்தவர்களின் வைராக்கியத்தில் இல்லை. இருப்பவர்களாகிய நம்முடைய தர்மத்தில் இருக்கிறது.